கொச்சையாகப் பேசினார்

ஒரு காலத்தில் கொச்சை என்ற சொல்லை நான் உப்பு மாதிரி தாராளமாகத் தூவிக்கொண்டிருந்தேன். 'இன்னா' என்று ஒரு பிள்ளை எழுதினால் கொச்சை. 'வூடு' என்று எழுதினால் கொச்சை. 'போய்ட்டு', 'வந்துச்சு' எல்லாம் கொச்சை. சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் அந்த மூன்றெழுத்தை எழுதி, கீழே ஒரு கோடும் இழுப்பேன். திருப்பத்தூரில் என் அம்மா 'இன்னா' என்றுதான் பேசினாள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் நானும் அப்படித்தான் பேசினேன். அது வேறு, இது வேறு என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். இருபத்திரண்டு வயதில் அந்தச் சமாதானம் போதுமாக இருந்தது.

சந்தையில் குடித்துவிட்டுக் கத்துகிறவன் பேச்சுக்கும் எனக்கு அதே சொல்தான். எட்டு வயதுப் பிள்ளை 'வூடு' என்று எழுதுவதும், குடிகாரன் அடுத்தவன் தாயை இழுத்துத் திட்டுவதும் என் கூடையில் ஒன்றாகவே கிடந்தன. பயிற்சிப் பள்ளியில் எனக்குத் தமிழில் முதல் பரிசு கொடுத்திருந்தார்கள். அந்தத் திமிர் வேறு.

ஐம்பதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் ஓர் ஊருக்கு என்னை வாத்தியாராகப் போட்டார்கள். மண்சுவர், புல் வேய்ந்த கூரை, ஒரே அறை, ஒரே ஆசிரியர். அடிவாரத்திலிருந்து அரை நாள் நடை. ஊரில் மொத்தம் முப்பது வீடு. எல்லாரும் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவர்கள். காட்டில் கடுக்காய், புளி பொறுக்குகிறவர்கள். என்னை அவர்கள் தாங்கு தாங்கு என்று தாங்கினார்கள். விறகு ஒருவர் கொண்டுவந்து போடுவார், தேன் ஒருவர் கொடுப்பார். அடுப்பு மூட்டத் தெரியாமல் நான் திண்டாடியதைப் பார்த்து, முறை வைத்துச் சோறும் போட்டார்கள். அந்த நன்றியெல்லாம் எனக்கு இருந்தது. ஆனாலும் அவர்கள் பேசுவதைக் கேட்கும்போது உள்ளுக்குள் சிவப்பு மை ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் அங்கே போன முதல் வருஷம் ஒரு காட்சி பார்த்தேன். ஓரகத்திகள் இருவர் கிணற்றடியில் சண்டை போட்டுக்கொண்டார்கள். இளையவள் மூத்தவளை ஏதோ சொல்லிவிட்டாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த புங்கமரத்தடியில் ஊர் கூடியது. மூத்தவள் எழுந்து நின்று, தன்னைச் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல், சொன்ன வரிசையிலேயே சபையில் சொன்னாள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, தலையைக் குனியவுமில்லை. பிறகு இளையவள் எழுந்து, "சொன்னேன், எடுத்துக்கினேன்" என்று சொல்லி ஒரு துரும்பைக் கிள்ளிக் கீழே போட்டாள். அவ்வளவுதான், வழக்கு தீர்ந்தது. மத்தியானம் இருவரும் ஒரே உரலில் குத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த வார்த்தைகள் என் காதில் விழுந்ததும் நான் பிள்ளைகளை உள்ளே அள்ளிப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தி, பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லவைத்தேன். பாதிப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வாய்ப்பாடே வராது. சாயங்காலம் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வந்து பொறுமையாக விளக்கினார். சொன்ன சொல்லைச் சொன்னபடியே சபையில் வைக்க வேண்டும், அப்போதுதான் அதை எடுக்க முடியும், மூடி வைத்த சொல் யார்மேல் விழுந்ததோ அவர்மேலேயே நின்றுவிடும் என்றார். அப்படி நிற்கிற சொல்லோடு ஒரு பெண் சித்திரையில் அம்மனுக்குப் பொங்கல் பானை வைக்கக் கூடாதாம். அடுத்த வருஷமும் கூடாது, அதற்கடுத்த வருஷமும் கூடாது. அந்த வீட்டுப் பெண்ணை எடுக்கவும் மற்ற வீடுகள் யோசிக்கும். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன். காட்டுமிராண்டிப் பழக்கம் என்று மனசுக்குள் எழுதி, அதற்கும் கீழே ஒரு கோடு இழுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, கடுக்காய்க் காலம். தோல் பதனிட வாணியம்பாடித் தோல் மண்டிகளுக்கு இங்கிருந்துதான் கடுக்காய் போகும். குத்தகைக்காரர் கீழே இருப்பார். அவருடைய மேஸ்திரி மேலே வந்து, இரண்டு மைல் தள்ளி ஒரு மைதானத்தில் தராசைக் கட்டுவார். சுற்று ஊர்க்காரர்கள் எல்லாரும் அங்கே போய்த்தான் போட வேண்டும். அந்த மேஸ்திரியும் என்னைப்போலக் கீழ்நாட்டுக்காரர். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார், வெற்றிலை கொடுப்பார். வெளுத்த சட்டைக்கு வெளுத்த சட்டை ஒரு மரியாதை.

ஒரு நாள் மத்தியானம், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். அவளுடைய மகள் என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தாள். ஊரில் அதிகம் பேசாத பெண் இவள்தான். தலையில் வெறும் கூடை, முகமெல்லாம் வியர்வை, மைதானத்திலிருந்து நேரே வந்திருந்தாள். இவளுடைய கடுக்காயை ஈரம் என்று சொல்லி மேஸ்திரி தரையில் கொட்டிவிட்டாராம். காய்ந்த சரக்கு, கையில் எடுத்துப் பாருங்கள் என்று இவள் கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் இருபது பேர் நடுவே நான்கு வார்த்தை சொல்லியிருக்கிறார். அந்த நான்கையும் அவள் என் முகத்துக்கு நேரே, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்.

அவற்றில் இரண்டு, உடம்பின் உறுப்புகள். மொத்தத்தின் பொருள், காட்டுக்குள் போய் வருவதற்கு இவள் காவல்காரர்களுக்குத் தன்னைக் கூலியாகக் கொடுக்கிறாள் என்பது. எனக்குக் காது சுட்டது. பெண்பிள்ளை வாயிலிருந்து இப்படியா என்றுதான் முதலில் கோபம் வந்தது, அந்த மேஸ்திரிமேல் வரவில்லை. இதை நான் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

கேட்டவர்கள் இருபது பேர் இருந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் மறுநாள் அதே தராசில் கடுக்காய் போட வேண்டியவர்கள். காதில் விழவில்லை என்றுதான் சொல்வார்கள். கீழ்நாட்டு மேஸ்திரி புங்கமரத்தடிக்கு வரப்போவதுமில்லை. அதனால் கடுக்காய்க் குத்தகை விடுகிற காட்டிலாகா அதிகாரிக்கு மனுப் போட்டு, அவர் முன்னால் மேஸ்திரியைச் சொல்லை எடுத்துக்கொள்ள வைத்தால் ஊர் அதை ஏற்றுக்கொள்ளும் என்று கணக்குப் போட்டு வந்திருந்தாள். சித்திரைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவளுக்கு வேண்டியது அந்தப் பானை ஒன்றுதான்.

நான் எழுதினேன். நல்ல காகிதம், நல்ல மை. 'மேற்படி நபர் என்னைப் பலர் முன்னிலையில் கொச்சையாகப் பேசினார்' என்று எழுதினேன். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள், படித்தேன்.

"அந்த வார்த்தை எங்கீது வாத்தியாரே?"

எல்லாம் அதற்குள் அடக்கம் என்றேன். சர்க்கார் கச்சேரியில் அப்படியெல்லாம் எழுத மாட்டார்கள், இந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே அவர்களுக்குப் புரிந்துவிடும் என்றேன். சபையில் சொல்லத்தகாததை மறைத்துச் சொல்வதற்கு இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று பெயர் உண்டு என்றுகூட அவளுக்குப் பாடம் எடுத்தேன். கடவுளே, அவளிடம் போய் இடக்கரடக்கல். அவள் என்னையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நீங்கள் படித்தவர், உங்களுக்குத் தெரியாதா என்று சொல்லி, கட்டை விரலை வைத்துவிட்டுப் போனாள்.

மாசி மாதக் கடைசியில் கீழேயிருந்து அந்த அதிகாரி வந்து சர்க்கார் பங்களாவில் தங்கினார். வேறு பல வேலைகளுக்கிடையே இந்த விசாரணையையும் எடுத்துக்கொண்டார். அவளும் அவள் புருஷனும் ஊர்க்கவுண்டரும் காலையிலேயே நடந்து வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மனு எழுதியவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார். எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றார்.

அதிகாரி மனுவைப் படித்தார். யார் எழுதியது, அழகான தமிழ் என்றார். நான் கூச்சத்தோடு எழுந்து நின்றேன். அந்தப் பாராட்டு எனக்கு இனித்ததை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பிறகு அவர் சிரித்தார்.

"கொச்சையாகப் பேசினார்னு இருக்கு. இந்த மலையில எல்லாருமே கொச்சையாத்தானே பேசறாங்க. இதுல இன்னா புகாரு?"

மேஸ்திரியும் சிரித்தார். சண்டையில் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம், கெட்ட வார்த்தை எதுவும் சொன்னதில்லை, நானும் பெண்பிள்ளைகளோடு பிறந்தவன் என்றார். அப்போது அவள் எழுந்தாள். யாரும் கேட்காமலே அந்த நான்கு வார்த்தைகளையும் சொன்னாள். புங்கமரத்தடியில் சொல்கிற மாதிரி, ஒன்றைக்கூட மென்று விழுங்காமல், அதே வரிசையில் சொன்னாள். பியூன் தரையைப் பார்த்தார். அதிகாரியின் முகம் சிவந்துவிட்டது. இந்த வாயை வைத்துக்கொண்டு அடுத்தவன்மேல் புகார் கொடுக்க வந்தாயா என்று கேட்டார். அவளுக்கு அது புரியவில்லை. சொல்லாமல் எப்படி எடுக்க முடியும் என்று ஊர்க்கவுண்டரைப் பார்த்தாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். மனு எழுதிய அன்றைக்கு இந்தம்மா இந்த வார்த்தைகளை உங்களிடம் சொன்னாளா, சொன்னாள் என்றால் நீங்கள் ஏன் எழுதவில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

யோசித்தேன். சொன்னாள் என்றால் மனுவைத் திரித்தவன் நான் என்று ஆகும். சர்க்கார் உத்தியோகம், இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. அழகான தமிழ் என்று சொன்ன வாயாலேயே அவர் என்னைக் கேட்கப்போகும் கேள்விகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் இருக்கிறார், உண்மையைச் சொல்லிவிடுவார் என்ற நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

"அப்படி விவரமாக எதுவும் சொல்லவில்லை ஐயா" என்றேன்.

பிழையில்லாத வாக்கியம். அதிகாரி எழுதிக்கொண்டார். வார்த்தைகள் பின்னால் சேர்த்துச் சொல்லப்பட்டவை, இரு தரப்பும் இனி மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும், அந்தப் பெண் நாவை அடக்க வேண்டும் என்று தீர்ப்பு. மேஸ்திரி எனக்குத் தனியாக ஒரு வணக்கம் வைத்தார். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி நடந்தபோது நால்வரும் ஒன்றாகத்தான் வந்தோம், வேறு பாதை இல்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. அவள் புருஷன் என் பையைக்கூட வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நியாயம் பேசிச் சமாளித்திருப்பேன். ஓடையைத் தாண்டும்போது ஊர்க்கவுண்டர், இன்னொரு வழி இருக்கிறது என்றார். சொன்னவன் சபைக்கு வராவிட்டால், அன்றைக்கே பட்டவள் வாயால் அதைக் கேட்ட, உறவு இல்லாத ஒருவர் வந்து அந்தச் சொல்லைச் சபையில் வைக்கலாம். ஊரே சேர்ந்து துரும்பு கிள்ளிப் போட்டுவிடும். பங்களாவில் நடந்தது பங்களாவோடு போகட்டும், நீங்கள் வந்து அந்த நான்கு வார்த்தைகளைச் சொன்னால் போதும் என்றார். அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. சரி என்றேன்.

பங்குனி பிறந்ததும் ஒரு நாள் காலை ஊர் கூடியது. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய மகளும் இருந்தாள். நான் எழுந்து நின்றேன். "அவர் மிகவும் தகாத வார்த்தைகளைச் சொன்னதாக இந்த அம்மா அன்றைக்கே என்னிடம் சொன்னார்" என்றேன்.

அது தெரியும், வார்த்தையைச் சொல்லுங்கள் என்றார் ஊர்க்கவுண்டர். பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். இருக்கட்டும், அவர்களும் கேட்டால்தான் அது பொய் என்று தெரியும் என்றார். நான் வாயைத் திறந்தேன். முதல் வார்த்தையின் முதல் எழுத்து வரை வந்தேன். பிறகு, என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

பல வருஷங்கள் இதைக் கூச்சம் என்றே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல குடும்பத்தில் வளர்ந்தவன், நாக்கு வரவில்லை என்று. பொய். கூச்சம் கால்வாசி, பயம் முக்கால்வாசி. சபையில் நான் வாயைத் திறந்து சொன்னால், பங்களாவில் நான் பொய் சொன்னது ஊருக்கு உறுதியாகிவிடும். அது மைதானத்துக்குப் போகும். அங்கிருந்து மேஸ்திரி வழியாக அதிகாரிக்குப் போகும். நாக்கைக் கட்டிப்போட்டது அந்தக் கணக்குதான். நல்ல பேச்சு, நாகரிகம் என்ற போர்வை கைக்கு அடக்கமாகக் கிடைத்தது, இழுத்து மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மகள் மறந்து வைத்துவிட்டுப் போயிருந்த சிலேட்டை எடுக்க வந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்றே கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லையம்மா, வளர்ப்பு அப்படி என்றேன்.

"உங்களுக்கு அதச் சொல்ல வாய் கூசுது" என்றாள். "எனக்கு அது மேலயே ஒட்டிக்கினு கீதே வாத்தியாரே. நான் எங்க போயி கழுவுவேன்?"

கேள்வி மாதிரிதான் கேட்டாள். பிறகு சிலேட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டு போனாள். மறுநாள் முதல் மகள் பள்ளிக்கூடம் வரவில்லை. நான் போய்க் கூப்பிடவில்லை. ஒரு வாத்தியாருக்கு அது கடமை, தெரிந்தும் போகவில்லை.

அந்தச் சில வாரங்களில் நான் நோட்டுகளைத் திருத்தவே இல்லை. கையில் பேனாவை எடுத்தால் அந்த மனுவின் வரி வந்து நிற்கும். ஒரு மனிதன் இருபது பேர் நடுவே ஒரு பெண்மேல் கொட்டியதை, அவள் குனியாமல் எடுத்துக்கொண்டு வந்து என் மேஜைமேல் வைத்தாள். நான் அதன்மேல் ஒரு சொல்லைப் போட்டு மூடினேன். மேஸ்திரிக்கு வசதியாக இருந்தது, அதிகாரிக்கு வசதியாக இருந்தது, எனக்கு எல்லாரையும்விட வசதியாக இருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு உள்ளே அவள் மாட்டிக்கொண்டாள். இன்றைக்கு எண்பது வயதுக்கு மேல், யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாத காலத்தில், அந்த நான்கு வார்த்தைகளையும் இங்கே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தேன். இப்போது பயம் இல்லை, ஆனாலும் கை போகவில்லை. ஆக, அந்தக் கால்வாசியும் உண்மைதான் போலிருக்கிறது. அதனால் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

சித்திரையில் அம்மன் கோயில் பொங்கல். ஊர்ப் பெண்கள் வரிசையாகக் கல் கூட்டிப் பானை வைத்தார்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. வாத்தியார் இல்லாமல் எப்படி என்று ஆள் அனுப்பி அழைத்துப்போனார்கள். வெளியூர்க்காரருக்கு முதல் இலை போடுவது அவர்கள் முறை. பானை வைத்த ஒவ்வொரு பெண்ணும் வந்து, தன் பானையிலிருந்து ஒரு கரண்டி இலையில் போட்டுவிட்டுப் போனாள். இருபத்தொன்பது கரண்டி. எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அப்போது அவள் அந்த வழியாக வந்தாள். கோயிலுக்கு வரவில்லை, காட்டுக்குப் போகிற பாதை அப்படித்தான் போகிறது. பழைய புடவை, இடுப்பில் கொடுவாள், தலையில் சும்மாடு. திருவிழா நாளில் விறகுக்குப் போகிறவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான். நான் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்கவும் முடியவில்லை. காறித் துப்பட்டும் என்று நினைத்தேன். இருக்கிற கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் என்மேல் கொட்டட்டும் என்று, உண்மையாகவே, வேண்டிக்கொண்டேன்.

அவள் நின்றாள். இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற யாரைப் பார்த்தாலும் சொல்வதைத்தான் எனக்கும் சொன்னாள்.

"ஆறுது பாருங்க. சாப்புடுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எல்லாரும் நான் கை வைப்பதற்காகக் காத்திருந்தார்கள். நான் சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன்.